தெரிந்த மருந்தைத் தராமல் இருப்பது ஏன்?

கர்நாடகத்திலும் பிகாரிலும் 253 ஊர்களில், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தனியார் மருத்துவர்களிடம் பொய் நோயாளிகள் போய் வந்தார்கள். "வீட்டில் இரண்டு வயதுக் குழந்தைக்கு வயிற்றால் போகிறது, மருந்து கொடுங்கள்" என்று கேட்கப் பயிற்சி பெற்றவர்கள் அவர்கள். அப்படி ஒரு குழந்தைக்கு முதலில் தர வேண்டியது ஓ.ஆர்.எஸ். என்னும் உப்பு சர்க்கரைக் கரைசல். இதைக் கேள்விப்படாத மருத்துவர் இந்தியாவில் இருப்பது அரிது. இருந்தும் பலர் அதைத் தரவில்லை. ஆன்டிபயாடிக் எழுதித் தந்தவர்கள் ஏராளம்.

ஆய்வாளர்கள் மூன்று சந்தேகங்களை வைத்துச் சோதித்தார்கள். பொட்டலம் கையிருப்பில் இல்லையா? மலிவான பொட்டலத்தில் லாபம் கிடைக்காது என்பதாலா? அல்லது, வந்தவர் அதை விரும்பமாட்டார் என்று மருத்துவரே முடிவுகட்டிவிடுகிறாரா? 2024இல் 'சயன்ஸ்' இதழில் முடிவு வெளியானது. ஓ.ஆர்.எஸ். தராமல் விட்டதில் கையிருப்புக் குறைவின் பங்கு 6 சதவீதம், பண நோக்கின் பங்கு 5 சதவீதம். 'இவர் இதைக் கேட்டு வரவில்லை' என்ற எண்ணத்தின் பங்கு 42 சதவீதம். வந்தவரே ஓ.ஆர்.எஸ். பெயரைச் சொல்லிக் கேட்டபோது, அதை எழுதித் தருவது 27 சதவீதப் புள்ளி உயர்ந்து ஏறக்குறைய இரு மடங்கானது.

படித்தபோது எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவே இருந்தது. லாபம்தான் காரணம் என்று நானும் வெகுகாலமாகச் சொல்லிவந்தவன். "ஒரு ஊசி போட்டுவிடுங்க டாக்டர்", "குளுக்கோஸ் ஏத்திட்டா தெம்பாயிடும்" என்று வரிசையில் நின்று கேட்பவர்கள் நாம். உப்பையும் சர்க்கரையையும் கையில் கொடுத்தால் 'இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம்' என்று முகம் மாறுவோமோ என்று மருத்துவர் அஞ்சுவதில் வியப்பில்லை.

ஆய்வில் உறுதியான ஒன்று நோயாளியின் வாய்க்கோ நரம்புக்கோ போய்ச் சேராமல் நடுவழியில் எங்கே நிற்கிறது என்பது மருத்துவ உலகின் பழைய கேள்வி. 2003இல் அமெரிக்காவில் கணக்கெடுத்தபோது, நோயாளிகளுக்குக் கிடைக்க வேண்டிய சிகிச்சையில் சுமார் 55 சதவீதமே கிடைத்திருந்தது. 2012இல் ஆஸ்திரேலியாவில் 57 சதவீதம். பணமும் படிப்பும் நிறைந்த நாடுகளிலேயே இந்த நிலை என்றால், இதைத் தெரியாமையின் கணக்கில் எழுதிவிட முடியாது. ஆனால் நம் அரசுகளும் மருத்துவமனைகளும் அநேகமாகத் தெரியாமைக்கே வைத்தியம் பார்க்கின்றன: சுற்றறிக்கை, சுவரொட்டி, ஒருநாள் பயிற்சி முகாம், முடிவில் ஒரு சான்றிதழ்.

கருத்தரங்குகளில் இந்த விஷயத்தைப் பேச வருபவர்கள் முதல் படமாகக் காட்டுவது ஜேம்ஸ் லிண்டை. 1747இல் கப்பலில் ஸ்கர்வி கண்ட 12 மாலுமிகளை ஆறு ஜோடிகளாகப் பிரித்து, ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற ஜோடி தேறியதைப் பார்த்தார். 1753இல் நூலாக எழுதினார். பிரிட்டிஷ் கடற்படை எலுமிச்சைச் சாற்றை முறையாக வழங்க ஆரம்பித்தது 1795இல். அடுத்த படம் பெரும்பாலும் '17 ஆண்டுகள்' என்ற எண். ஆய்வு முடிவுகளில் 14 சதவீதம் மட்டுமே நோயாளியைச் சென்றடைகிறது, அதற்கும் 17 ஆண்டுகள் ஆகின்றன என்று பாலாஸ், போரென் என்ற இருவர் 2000இல் போட்ட கணக்கு அது. கட்டுரை அச்சேற எத்தனை ஆண்டு, பாடநூலில் ஏற எத்தனை ஆண்டு என்று வெவ்வேறு இடங்களில் எடுத்த சராசரிகளைக் கோத்துக் கட்டிய எண். மேடைக்கு நன்றாக இருக்கிறது. சில முடிவுகள் ஏன் பறக்கின்றன, சில ஏன் படுத்துவிடுகின்றன என்பதை அது சொல்லாது.

பறந்ததும் படுத்ததும் ஒரே நாட்டில், ஒரே நோயில், ஒரே ஆண்டில் நடந்தது. 2020 ஜூன் 16 அன்று பிரிட்டனின் 'ரெக்கவரி' ஆய்வு, கொரோனாவால் வென்டிலேட்டரில் இருப்பவர்களின் இறப்பை டெக்ஸாமெத்தசோன் மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது என்று அறிவித்தது. ஜூன் 27 அன்று இந்திய சுகாதார அமைச்சகம் அதைத் தன் சிகிச்சை நெறிமுறையில் சேர்த்துவிட்டது. பதினோரே நாள்! மருந்து மலிவு, எல்லா மருந்துக் கடையிலும் உண்டு, மருத்துவர்களுக்குக் கைப்பழக்கம் உள்ளது.

பிளாஸ்மா சிகிச்சையின் கதை வேறு. கொரோனாவிலிருந்து மீண்டவரின் ரத்தத் தெளிவை நோயாளிக்கு ஏற்றுவதால் பயன் இல்லை என்று கண்டது வெளிநாட்டவர் அல்லர். நம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமே 39 மருத்துவமனைகளில் 464 நோயாளிகளிடம் ஆய்வு நடத்திக் கண்டது. 'பிளாசிட்' என்ற அந்த ஆய்வு 2020 அக்டோபரில் அச்சானது. பிளாஸ்மா தேசிய வழிகாட்டுதலிலிருந்து நீக்கப்பட்டது 2021 மே 17 அன்று. இடைப்பட்ட ஏழு மாதத்தில் இரண்டாம் அலை வந்தது. 'ஓ பாசிட்டிவ் பிளாஸ்மா அவசரம்' என்று வாட்ஸ்அப்பில் எத்தனை செய்திகளை நாம் அனுப்பியிருப்போம், யார் யாரையெல்லாம் இரவில் தொலைபேசியில் கெஞ்சியிருப்போம். பயனற்றது என்று நம் நாட்டுக் கழகமே அச்சிட்டுச் சொன்ன ஒன்றுக்காக அந்த அலைச்சல். வாசலில் அழுதுகொண்டு நிற்கும் குடும்பத்திடம் 'செய்வதற்கு இனி எதுவுமில்லை' என்று சொல்வதைவிட ஒரு சீட்டு எழுதித் தருவது எளிது. ஓ.ஆர்.எஸ். தராத மருத்துவரும் பிளாஸ்மா கேட்ட மருத்துவரும் ஒரே அச்சத்தில் எழுதியவர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

பறந்துவந்த டெக்ஸாமெத்தசோனும் சிக்கல் இல்லாமல் இறங்கவில்லை. ஆக்சிஜன் தேவைப்படாத நோயாளிக்கு அதனால் பயன் இல்லை என்பதும் அதே ஆய்வின் முடிவு. அந்தப் பாதி பயணத்தில் தவறிப்போனது. லேசான காய்ச்சலுக்கும் ஸ்டீராய்டு எழுதப்பட்டது. 2021இல் கரும்பூஞ்சை நோய் பரவியதற்கு முறையற்ற ஸ்டீராய்டும் கட்டுக்குள் இல்லாத சர்க்கரை நோயும் முக்கியக் காரணங்களாகச் சொல்லப்பட்டன. 'கொடு' என்ற சொல் போய்ச் சேரும் வேகத்தில் 'இவருக்குக் கொடுக்காதே' என்ற சொல் போவதில்லை.

விடுவது ஏற்பதைவிடக் கடினம் என்பதற்குச் சான்று நிறையவே உண்டு. கைக்குழந்தையைக் குப்புறப் படுக்க வைக்கச் சொல்லி மேலை நாடுகளில் பல பத்தாண்டுகள் அறிவுரை வழங்கினார்கள். அது தொட்டில் மரணத்தை அதிகரிக்கிறது என்பதற்கு 1970 வாக்கிலேயே போதிய சான்று இருந்தது; தொகுத்துப் பார்க்க ஆள் இல்லை. பிரிட்டனில் மல்லாக்கப் படுக்கவைக்கும் பிரசாரம் தொடங்கியது 1991இல். முன்பே தொகுத்திருந்தால் பிரிட்டனில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைக் காப்பாற்றியிருக்கலாம் என்று 2005இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. நம் ஊர் நிலவரம் கேட்டால், தமிழ்நாட்டில் தனியார் மருத்துவமனைப் பிரசவங்களில் 63.8 சதவீதம் சிசேரியன் என்கிறது 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு. மக்கள்தொகை அளவில் 10 சதவீதத்துக்கு மேல் போவதால் தாய் சேய் இறப்பு குறைவதில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. இதைத் தனிக் கட்டுரையாகத்தான் எழுத வேண்டும்.

தொகுத்துப் பார்ப்பதன் அருமையை உலகுக்கு உரக்கச் சொன்னவர் ஆர்ச்சி காக்ரன் என்ற பிரிட்டிஷ் மருத்துவர். 1972இல் வந்த அவருடைய சிறு நூல் ஒரு தலைமுறையைத் திருப்பியது. அவர் பெயரில் 1993இல் தொடங்கிய அமைப்பு, சிதறிக் கிடக்கும் ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடுவதையே தொழிலாகக் கொண்டது. அதன் சின்னத்தில் இருக்கும் கோடுகள் ஒரு மருந்தின் கதை. குறைமாதப் பிரசவம் நெருங்கும் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் குழந்தையின் நுரையீரல் முன்கூட்டியே முதிர்ந்து உயிர் தப்பும் என்று நியூசிலாந்தின் லிக்கின்ஸும் ஹோவியும் அதே 1972இல் காட்டினார்கள். தொடர்ந்து பல ஆய்வுகள் வந்தன. தனித்தனியே பார்த்தால் சிலவற்றில் பயன் தெரிந்தது, சிலவற்றில் தெரியவில்லை. சேர்த்துப் பார்த்தபோது பயன் துலக்கமாகத் தெரிந்தது. அமெரிக்க வல்லுநர் குழு அதைப் பரவலாக்கச் சொன்னது 1994இல்.

இதுவரை இது தாமதத்தின் கதை. அடுத்த அத்தியாயத்தைப் பலர் சொல்வதில்லை. இவ்வளவு நிரூபணமான, இவ்வளவு மலிவான ஊசியை ஏழை நாடுகளின் கிராமங்களுக்கும் கொண்டுபோனால் என்ன என்று ஆறு நாடுகளில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. இந்தியாவில் பெலகாவியும் நாக்பூரும் அதில் சேர்ந்தன. சுமார் ஒரு லட்சம் பிறப்புகள். முடிவு 2015இல் 'லான்செட்' இதழில் வந்தது: எடை குறைந்த குழந்தைகளின் இறப்பு குறையவில்லை, எல்லாக் குழந்தைகளையும் சேர்த்துப் பார்த்தால் ஆயிரம் பிறப்புக்கு 3.5 மரணம் கூடியிருந்தது. தாய்மாருக்குத் தொற்றும் கூடுதல்.

மருந்து அதேதான். நியூசிலாந்தில் காப்பாற்றிய ஊசி இங்கே ஏன் கைவிட்டது? முதல் ஆய்வுகள் நடந்தது பெரிய மருத்துவமனைகளில். கர்ப்ப காலம் எத்தனை வாரம் என்று அங்கே உறுதியாகத் தெரியும், குறைமாதக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளத் தனிப் பிரிவு இருக்கும். கிராமத்தில் ஸ்கேன் இல்லை. 'பொங்கலுக்கு முந்தின வாரம் குளித்தேன்' என்பது போன்ற நினைவுதான் கணக்கு. ஊசி போட்டுக்கொண்டவர்களில் பெரும்பாலோருக்குக் குறைமாதப் பிரசவமே ஆகவில்லை. பிறகு உலக சுகாதார நிறுவனம் மருத்துவமனைகளுக்குள் மட்டும், ஸ்கேனால் வாரத்தை உறுதிசெய்து, இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் மறுபடி சோதித்தது. 2020இல் வந்த விடை: ஊசி போட்ட தாய்மாரின் குழந்தைகளில் இறந்தவை 19.6 சதவீதம், போடாதவர்களின் குழந்தைகளில் 23.5 சதவீதம். ஆக, ஸ்கேன் இயந்திரமும் பச்சிளம் குழந்தைப் பிரிவும் அந்த ஊசி மருந்தின் பகுதிகள். குப்பியின் லேபிளில் அவற்றை அச்சிடுவதில்லை, அவ்வளவுதான்.

'ஏட்டுச் சுரைக்காய்' என்று சொல்லிவிட்டு நகர நமக்கு ஆசை வரும். இந்தச் சுரைக்காய் நல்ல சுரைக்காய். சமைக்க அடுப்பு இல்லாத வீட்டுக்கு அனுப்பினோம்.

அடுப்பு எது என்று முதலில் பார்த்துவிட்டு ஆய்வையே அதற்கேற்ப வடிவமைத்த ஊர் ஒன்று உண்டு. அது நம் சென்னை. 1950களில் காசநோய்க்கு மருந்து வந்துவிட்டது. ஆனால் சானடோரியத்தில் ஓராண்டு படுத்து, நல்ல காற்றும் நல்ல சாப்பாடும் ஓய்வும் சேர்ந்தால்தான் குணமாகும் என்பது உலகெங்கும் இருந்த நம்பிக்கை. மின்சார ரயிலில் போகிறவர்கள் 'தாம்பரம் சானடோரியம்' என்ற பெயர்ப் பலகையில் அந்தக் காலத்தை இன்றும் பார்க்கலாம். இந்தியாவில் இருந்த நோயாளிகளுக்கு அத்தனை படுக்கை கட்டவே முடியாது. 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு நான்கும் சேர்ந்து இங்கே ஒரு மையம் தொடங்கின. வாலஸ் ஃபாக்ஸ் அதை வழிநடத்தினார். ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகள், குலுக்கல் முறையில் பாதிப் பேர் சானடோரியத்தில், பாதிப் பேர் தங்கள் நெரிசலான வீட்டில். இரு பிரிவினருக்கும் ஒரே மாத்திரை, ஓராண்டு.

1959இல் முடிவு வெளியானது. சானடோரியத்தில் 92 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியது. வீட்டில் 86 சதவீதம் பேருக்கு. சாப்பாடு குறைவு, ஓய்வு குறைவு, இருந்தும் மாத்திரை வேலை செய்தது. வீட்டிலிருந்தவர்களால் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்பட்டதில் சென்னையின் அந்த 193 பேருக்குப் பெரும் பங்கு உண்டு. இந்தியாவும் 1962இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் வீட்டுச் சிகிச்சையையே எடுத்துக்கொண்டது.

அதே மையம் இன்னொன்றையும் கண்டது: வீட்டில் கொடுத்தனுப்பிய மாத்திரைகளைப் பலர் ஒழுங்காக விழுங்குவதில்லை. அதனால் ஊழியர் கண்முன் விழுங்கவைக்கும் முறையை அங்கேயே வகுத்துச் சோதித்தார்கள். அதை இந்தியா என்ன செய்தது? உலகம் சுற்றித் திரும்பி வந்த பிறகு 1993இல் முன்னோட்டமாகத் தொடங்கி, 'டாட்ஸ்' என்ற பெயரோடு 2006இல் நாடு முழுவதும் கொண்டுவந்தது. சென்னைச் சேத்துப்பட்டில் கண்டுபிடித்ததை ஜெனிவாவிலிருந்து இறக்குமதி செய்துகொண்டோம் என்று சொன்னால் கொஞ்சம் மிகை. அதிகம் மிகை இல்லை.

அந்த நல்ல ஆய்வுக்கே ஒரு பக்கவிளைவும் இருந்தது. 'சாப்பாடு குறைந்தாலும் மாத்திரை வேலை செய்கிறது' என்ற வரி, கைமாறிக் கைமாறி 'சாப்பாடு முக்கியமில்லை' என்று ஆகிவிட்டது. ஆய்வு கேட்ட கேள்வி சானடோரியத்து உணவு அவசியமா என்பது. பசி கிடக்கும் குடும்பத்தில் அடுத்தவருக்கு நோய் வராமல் இருக்க என்ன வேண்டும் என்று அது கேட்கவே இல்லை. அந்தக் கேள்வியைக் கேட்க அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அனுராக் பார்கவாவின் குழு ஜார்க்கண்டில் 2,800 நோயாளிகளின் குடும்பங்களை எடுத்துக்கொண்டு, ஒரு பகுதிக் குடும்பங்களில் எல்லாருக்கும் மாதாமாதம் உணவுப் பொருள் கொடுத்தது. அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்ததாக 2023இல் வெளியிட்டார்கள். சிகிச்சை தொடங்கிய முதல் இரண்டு மாதத்தில் எடை கூடிய நோயாளிகளிடம் இறப்பும் வெகுவாகக் குறைந்திருந்தது.

இனிப் பட்டியல்களுக்கு வருவோம். 2009இல் எட்டு நாடுகளின் எட்டு மருத்துவமனைகளில் அறுவைச் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் ஒரு சிறு சரிபார்ப்புப் பட்டியலை வாய்விட்டுப் படிக்கவைத்தார்கள். இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்தது. ஒரு தாள், பேனா; செலவே இல்லை. உலகமே அதைக் கையில் எடுத்தது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 101 மருத்துவமனைகளுக்கும் கட்டாயமாக்கினார்கள். 90 சதவீதத்துக்கு மேல் பின்பற்றுகிறோம் என்று மருத்துவமனைகள் அறிக்கை தந்தன. 2014இல் கணக்குப் பார்த்தபோது இறப்பில் சொல்லத்தக்க மாற்றம் எதுவும் இல்லை. பட்டியலைப் பின்பற்றுவது ஒன்று, அதில் டிக் அடிப்பது வேறொன்று என்று அரசு அலுவலகத்தில் ஒருநாள் உட்கார்ந்தவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

டிக் மட்டும் அடிக்காமல் உண்மையாகவே பின்பற்றினால்? அதையும் பார்த்துவிட்டார்கள். உத்தரப் பிரதேசத்தில் 120 பிரசவ மையங்கள், ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட தாய்மார். பிரசவத்தில் செய்ய வேண்டிய 28 காரியங்களின் பட்டியல். பாதி மையங்களுக்குப் பட்டியலோடு எட்டு மாதம் கூடவே நின்று பழக்கும் பயிற்றுநரும் கிடைத்தார். இரண்டாம் மாதத்தில் அங்கே செவிலியர்கள் 73 சதவீதக் காரியங்களைச் செய்தார்கள். மற்ற மையங்களில் 42 சதவீதம். பெரிய முன்னேற்றம். ஆனால் தாய் சேய்க்கு ஏற்பட்ட இறப்பும் கடும் பாதிப்பும் இரு பக்கமும் ஒன்றாகவே இருந்தன: 15.1 சதவீதம், 15.3 சதவீதம். பயிற்றுநர் விலகியபின், பன்னிரண்டாம் மாதத்தில் 73 என்பது 62 ஆகச் சரிந்தது. 2017இல் இது வெளியானபோது பலருக்கு அதிர்ச்சி. எனக்கு இந்த ஆய்வின் மீது மிகுந்த மரியாதை உண்டு. தோல்வியைத் தோல்வி என்று எழுதியது. கை கழுவியாயிற்று, ரத்த அழுத்தம் பார்த்தாயிற்று, அழுத்தம் ஏறியும் இருக்கிறது. அதற்குப் பிறகு? மெக்னீசியம் சல்பேட் ஊசி இருக்கிறதா, போடத் தெரிந்தவர் இரவுப் பணியில் இருக்கிறாரா, மேல் மருத்துவமனைக்கு வண்டி வருமா, அங்கே அறுவைச் சிகிச்சை அரங்கு திறந்திருக்குமா? பட்டியல் நிற்கும் இடத்தில்தான் ஆபத்து ஆரம்பிக்கிறது.

இதற்கு எதிர்க்கரையில் இருப்பது 'இ-மோட்டிவ்' என்ற ஆய்வு. பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கால் தாய்மார் இறப்பதைத் தடுக்கும் எல்லா மருந்தும் உலகில் ஏற்கெனவே இருந்தன. எவ்வளவு ரத்தம் போகிறது என்பதைக் கண்ணால் பார்த்துக் குத்துமதிப்பாகச் சொல்வார்கள். அநேகமாகக் குறைத்தே மதிப்பிடுவார்கள். ஒரு மருந்துக்குப் பலன் தெரிகிறதா என்று காத்திருந்து அடுத்ததுக்குப் போவார்கள். கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நாடுகளில் 80 மருத்துவமனைகள், இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட தாய்மார்; பாதி மருத்துவமனைகளில் மட்டும் இரண்டு மாற்றம் செய்தார்கள். தாயின் அடியில் அளவுக் கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பு. ரத்தம் கோட்டைத் தொட்டால் யாரையும் கேட்க வேண்டாம். கருப்பையைப் பிடித்துவிடுவது, ஆக்ஸிடோசின், டிரனெக்ஸாமிக் அமிலம், டிரிப்ஸ், பரிசோதனை எல்லாம் ஒரே மூச்சில்; எல்லாப் பொருளும் ஒரே தள்ளுவண்டியில். ரத்தப்போக்கைக் கண்டறிந்தது 51 சதவீதத்துக்கு எதிராக 93 சதவீதம். முழுச் சிகிச்சையும் கிடைத்தது 19க்கு எதிராக 91. கடும் ரத்தப்போக்கு, அதற்காக அறுவை, மரணம் மூன்றும் சேர்ந்த கணக்கு 4.3 சதவீதத்துக்கு எதிராக 1.6. 2023இல் இந்த எண்களை மகப்பேறு மருத்துவர் ஒருவரிடம் காட்டினேன். "புது மருந்து என்ன?" என்றுதான் முதலில் கேட்டார். ஒன்றுமில்லை.

இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது எனக்குப் படுவது இது. உத்தரப் பிரதேசத்தில் செவிலியரின் நினைவையும் ஒழுங்கையும் மாற்ற முயன்றார்கள். ஆப்பிரிக்காவில் செவிலியரின் கைக்கு எட்டும் பொருளையும், யாரைக் கேட்காமல் எதைச் செய்யலாம் என்ற அதிகாரத்தையும் மாற்றினார்கள். நினைவு பயிற்றுநரோடு போய்விடுகிறது. விரிப்பும் வண்டியும் வார்டிலேயே இருக்கின்றன.

எந்த வழி எவ்வளவு பலன் தரும் என்பதற்கும் தொகுப்புகள் உண்டு. பயிற்சிக் கூட்டங்களைப் பற்றிய 81 சோதனைகளைக் காக்ரன் அமைப்பு சேர்த்துப் பார்த்தது: நடைமுறையில் முன்னேற்றம் நடுமதிப்பாக 6 சதவீதப் புள்ளி. 'நீங்கள் செய்தது இவ்வளவு, செய்ய வேண்டியது இவ்வளவு' என்று கணக்குக் காட்டும் முறையைப் பற்றிய 140 சோதனைகளில் 4.3 புள்ளி. இவை பூஜ்யம் அல்ல. ஆனால் ஒரு துறையின் பட்ஜெட்டில் பெரும்பகுதியைப் பயிற்சி முகாம்களுக்கு எழுதிவைக்கும் அளவுக்குப் பெரியவையும் அல்ல. இதற்கிடையில் 'செயலாக்க அறிவியல்' என்று ஒரு துறையே வளர்ந்துவிட்டது. 2006இலிருந்து தனி ஆய்விதழ் நடத்துகிறது. எதைக் கவனிக்க வேண்டும் என்று வட்டமும் அம்புக்குறியுமாக டஜன் கணக்கில் வரைபடம் வைத்திருக்கிறது. ஒன்றிரண்டு உண்மையில் உதவும். மீதி, அவற்றையே நடைமுறைப்படுத்த இன்னொரு அறிவியல் வேண்டும் போலிருக்கிறது.

நம் பக்கத்தில் நான் மதிக்கும் முயற்சிகள் வரைபடம் இல்லாமல் நடந்தவை. 1995இல் செயல்படத் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், தேர்ந்தெடுத்த அத்தியாவசிய மருந்துகளை மொத்தமாக வாங்கி, தரம் சோதித்து, மாவட்டக் கிடங்கு வழியாக ஆரம்ப சுகாதார நிலையம்வரை கொண்டுசேர்க்கிறது. அலமாரியில் எது இருக்கிறதோ அதைத்தான் மருத்துவர் எழுதுவார். அந்த வகையில் எந்த வழிகாட்டி நூலையும்விட அந்த மருந்துப் பட்டியலுக்கு வலு அதிகம். அடுத்தது, 2022 ஏப்ரலில் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம். காசநோய் மரணங்களில் பெரும்பகுதி சிகிச்சை தொடங்கிய ஆரம்ப வாரங்களிலேயே நேர்கிறது என்பது தெரிந்த விஷயம். யார் அந்த ஆபத்தில் இருக்கிறார் என்று அறிய எக்ஸ்ரேயும் ரத்தப் பரிசோதனையும் கேட்காமல், நோய் கண்டறிந்த அன்றே ஊழியர் பார்க்கக்கூடிய ஐந்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்: உயரத்துக்கேற்ற எடை, மூச்சின் வேகம், ஆக்சிஜன் அளவு, கால் வீக்கம், பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா. நிலை மோசமானவரை உடனே படுக்கையில் சேர்க்க வேண்டும். சென்னையில் உள்ள தேசிய நோய்த்தொற்றியல் நிறுவனமும் மாநிலக் காசநோய்ப் பிரிவும் சேர்ந்து நடத்தும் இதில், பல மாவட்டங்களில் ஆரம்பகால மரணம் குறைந்தது பதிவாகியிருக்கிறது. காசநோயாளியை வீட்டுக்கு அனுப்பலாம் என்று உலகுக்குச் சொன்ன ஊர், யாரை அனுப்பக் கூடாது என்பதையும் இப்போது சொல்கிறது.

முதலில் சொன்ன ஓ.ஆர்.எஸ். பொட்டலத்துக்கு வருகிறேன். வாய்வழி நீர் கொடுத்தே காலராவைச் சமாளிக்கலாம் என்று கல்கத்தா மருத்துவர் ஹேமேந்திரநாத் சட்டர்ஜி 1953இலேயே 'லான்செட்' இதழில் எழுதினார். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1968இல் டாக்காவில் நலின், கேஷ் என்ற இருவர் முறையான சோதனையில் நிறுவினார்கள். அப்போதும் மருத்துவமனைக்குள்ளேயே இருந்தது. 1971 வங்கதேசப் போரில் அகதிகள் குவிந்த பொங்காவ் முகாமில் காலரா பரவி, ஏற்றுவதற்கு டிரிப்ஸ் தீர்ந்தபோது, திலீப் மஹாலனோபிஸ் துணிந்தார். லிட்டர் தண்ணீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு. கலக்கி டிரம்மில் வைத்து, உறவினர்கள் கையிலேயே குவளையைக் கொடுத்தார். சுமார் 30 சதவீதமாக இருந்த இறப்பு 3.6 சதவீதம் ஆயிற்று. இந்திய அரசு அவருக்குப் பத்ம விபூஷண் அளித்தது 2023இல், அவர் இறந்த பிறகு.

வங்கதேசத்தில் 'பிராக்' அமைப்பு 1980 முதல் பத்தாண்டுகள் வீடு வீடாகப் போய், ஒரு கோடியே இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் தாய்மாருக்கு இதைக் கற்றுக்கொடுத்தது. பொட்டலம்கூடக் கிடையாது: மூன்று விரலால் எடுத்த ஒரு சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர். கற்பிக்கப் போன பெண்ணுக்குச் சம்பளம் எத்தனை வீடு ஏறினாள் என்பதற்கு இல்லை. சில வாரம் கழித்து வேறொருவர் போய்க் கேட்கும்போது அந்தத் தாய்மாருக்கு எவ்வளவு நினைவிருக்கிறதோ அதற்கேற்பத்தான் கூலி. தொடக்கத்தில் கற்றுக்கொண்ட தாய்மாரே பயன்படுத்தாமல் விட்டார்கள்; காரணம் தேடியபோது, கற்பித்தவர்களுக்கே அதில் நம்பிக்கை இல்லை என்று தெரிந்தது. அவர்களை டாக்காவின் காலரா மருத்துவமனைக்கு அழைத்துப்போய், கரைசல் குடித்தவர்கள் எழுந்து உட்காருவதைக் கண்ணால் பார்க்கவைத்தார்கள்.

இந்தியாவில் 2019–21 கணக்கெடுப்பின்படி வயிற்றுப்போக்கு வந்த குழந்தைகளில் ஓ.ஆர்.எஸ். கிடைத்தது 60.6 சதவீதத்துக்கு, கூடவே தர வேண்டிய துத்தநாகம் கிடைத்தது 30.5 சதவீதத்துக்கு. மீதிக் குழந்தைகளை எட்டுவதற்கு இன்னொரு சுற்றறிக்கை வரும், வரட்டும். அடுத்த முறை உங்கள் வீட்டுக் குழந்தைக்கோ பேரக்குழந்தைக்கோ வயிற்றால் போய், மருத்துவர் முன் உட்காரும்போது, அவர் சீட்டு எழுதத் தொடங்கும் முன் நீங்களே கேளுங்கள்: "டாக்டர், ஓ.ஆர்.எஸ்.ஸும் ஜிங்க்கும் எழுதிக் கொடுங்க." ஊசி வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.